நகம் நைனாவின் இடது கட்டைவிரல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எத்தனையோ மெஷின் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது, ஜப்பானிலிருந்து ஆளோடு வந்தது, மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்து இறக்கியது. அத்தனையிலும் துல்லியமானது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், நகம் நைனாவின் இடது கட்டைவிரல் நகம். அதற்குக் கரண்ட் வேண்டாம், ஆபரேட்டர் வேண்டாம். தினமும் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும். ஒரே குறை, ஸ்பேர் கிடைக்காது.

அந்த ஒரு நகத்தை நம்பித்தான் எங்கள் ஷெட்டில் பதினாலு பேர் வேலை பார்த்தோம். எப்படி என்று சொல்கிறேன்.

சென்னையில் திரும்பின பக்கமெல்லாம் கண்ணாடி பதித்த ஆபீஸ்கள் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு கம்பெனி வரும், ஜிப்சம் போர்டில் சீலிங் போடும், தடுப்புச் சுவர் வைக்கும். இரண்டு வருஷத்தில் காலி செய்யும். அடுத்த கம்பெனி வந்து எல்லாவற்றையும் இடித்துவிட்டு, அச்சு அசலாக அதே மாதிரி மறுபடியும் போடும். ஜிப்சம் போர்டு என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வெள்ளை மாவை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து இறுக்கிய பலகை, அவ்வளவுதான். இடித்ததைக் கொட்ட இடமில்லாமல் காண்ட்ராக்டர்கள் ஏரிக்கரை ஏரிக்கரையாக அலைந்துகொண்டிருந்தபோது, பழவேற்காட்டுப் பாய் ஒருவர் "எங்கிட்ட கொண்டாந்து கொட்டுங்கப்பா" என்று சொல்லி, தொழிற்பேட்டையின் கடைசி ரோட்டில் ஒரு தகர ஷெட்டைப் பிடித்தார். அதுவரை அவர்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இறால், கருவாடு வியாபாரம்தான்.

"மீனு வருசத்துல பாதி நாளு வலைக்கு வராது. இடிக்கறவன் வருசம் பூரா இடிப்பான்" என்பது பாய் கண்டுபிடித்த உண்மை.

ஷெட்டில் போர்டை உரித்து அட்டையைத் தனியாக எடுப்போம். அது அட்டை மில்லுக்குப் போகும். ஸ்குரூவைக் காந்தம் வைத்துப் பொறுக்குவோம். மிச்சமிருக்கும் மாவுக்கட்டியை நொறுக்கினால் அது பச்சை மாவு. கடம்பத்தூர் பக்கத்து விவசாயிகள் வேர்க்கடலைக்குப் போட அதை மூட்டை மூட்டையாக வாங்கிப்போவார்கள். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செங்கல் போடுகிறவர்களும் வாங்குவார்கள். அதே மாவைப் பெரிய டிரம்மில் போட்டுச் சுற்றிச் சுற்றி வறுத்தால் வறுத்த மாவு. அதைச் சேற்றில் கலந்தால் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு இறுகிக்கொள்ளும். காலையில் சேறாக இருந்தது மறுநாள் தரையாகிவிடும்.

எனக்கு வேலை கேட்டில். வருகிற லாரியின் நம்பரை நோட்டில் எழுதுவது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அதைவிடப் பெரிய எழுத்து வேலையை யாரும் நம்பிக் கொடுக்கவில்லை. அதற்கு முன்னால் நான் வேலை பார்த்த மூன்று கம்பெனிகளும் நான் சேர்ந்த கொஞ்ச நாளில் மூடப்பட்டவை. "அதுல உங்க தப்பு இன்னா கீது" என்று என் மனைவி ஆறுதல் சொல்வாள். சொல்லும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அதனால் எனக்கு எப்போதும் ஒரு கவலை. கவலை வந்தால் நகம் கடிப்பேன். கவலை வராத நேரத்தில், ஏன் இன்னும் வரவில்லை என்று நினைத்து நகம் கடிப்பேன். என் பத்து விரல் நுனியும் ரப்பர் தேய்ந்த பென்சில் மாதிரி மொழுக்கென்று இருக்கும்.

நைனா என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆரம்பாக்கம் பக்கம், ஆந்திரா எல்லையை ஒட்டின ஊர். உலகத்தில் எல்லோரையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். பாயை, லாரி டிரைவரை, டீ கொண்டுவருகிறவரை, ஷெட்டுக்குள் படுத்திருக்கும் பூனையை. பதிலுக்கு எல்லோரும் அவரை நைனா என்று கூப்பிட, அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டிலேயே தங்கிவிட்டது.

அவருடைய வேலை, வருகிற ஒவ்வொரு பலகையையும் தொட்டுப் பார்த்து ஜிப்சமா, சிமெண்ட் ஷீட்டா என்று சொல்வது. இடிக்கிற இடத்தில் யாரும் பிரித்து அனுப்புவதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பழைய சிமெண்ட் ஷீட்டும் அதே பெயிண்ட் பூசிக்கொண்டு, அதே வெள்ளையாக, அதே குவியலில் வந்து படுத்திருக்கும். ஒரு துண்டு தப்பி மெஷினுக்குள் போய் மாவாகிவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. அந்த மாவை வயலில் போடுகிறவன், சேற்றில் கொட்டுகிறவன், மூச்சு விடுகிறவன் எல்லோருக்கும் கேடு.

நைனா பலகையின் உடைந்த ஓரத்தில் நகத்தை வைத்து ஒரு இழு இழுப்பார். கோடு விழுந்து நகத்துக்கடியில் மாவு ஏறினால் ஜிப்சம். நகம் வழுக்கிக்கொண்டு போனால் சிமெண்ட். வழுக்கினதை அப்படியே தண்ணீர் தெளித்துப் பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி ஓரம்கட்டிவிடுவோம். ஒரு பலகைக்கு ஒரு நொடி. "சர்ரு... உள்ள. சர்ரு... உள்ள. வழவழ... வெளிய போ நைனா." பலகையிடமும் அதே மரியாதைதான்.

அந்த நகத்தை அவர் வளர்த்த விதம் இருக்கிறதே, பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படி வளர்க்கமாட்டார்கள். எதிலும் உரசிவிடக் கூடாது என்று கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் நடப்பார். நெடுஞ்சாலை ஓரமாக அவர் வேலைக்கு நடந்து வந்தால் வரிசையாக லாரிகள் நிற்கும்.

"எங்க போவணும்?" என்பார் டிரைவர்.

"எங்கயும் போவல நைனா. நீ போ."

"அப்பொ இன்னாத்துக்குய்யா கைய காட்டின?"

"நான் எங்க காட்டினேன்? அது அப்படித்தான் நிக்கும்."

காலங்காத்தால அவர் வாங்கின வசவை வைத்துத் தனியாக ஒரு அகராதியே போடலாம். ஒருநாள் ஒரு டிரைவர் மிகவும் மரியாதையாக "ஏறுங்கண்ணே, பரவால்ல" என்று கதவைத் திறந்துவிட, மறுக்க மனமில்லாமல் ஏறிவிட்டார் நைனா. அவரிடம் எப்படி இறக்கிவிடச் சொல்வது என்ற கூச்சத்திலேயே நெல்லூர் வரைக்கும் போய்விட்டு, மறுநாள்தான் வேலைக்கு வந்தார்.

வேலை முடிந்தாலும் நகம் சும்மா இருக்காது. அவருக்கு ஒருமுறை காய்ச்சல் என்று பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் ஊசி எடுக்க உள்ளே போன நேரத்தில் இவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று சீலிங்கைக் கீறிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இறங்குப்பா! என்ன பண்றே?"

"டாக்டர் நைனா, உங்க தலைக்கு மேல கீறது ஜிப்சம். நல்ல சரக்கு. ஆனா அந்த மூலைல தண்ணி எறங்குது. அடுத்த மழைக்கு ஊசி போட்டுக்கினு இருக்கும்போதே உங்க மேல வுழும்."

டாக்டர் அவருக்கு ஊசியைக் கொஞ்சம் அழுத்தமாகவே போட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்த மழைக்கு அந்த மூலை விழுந்தது. விழுந்த துண்டுகளை டாக்டர் ஒரு சாக்கில் கட்டி எங்கள் ஷெட்டுக்கே அனுப்பிவைத்தார், "நகம்காரருக்கு" என்று சீட்டு எழுதி.

இன்னொன்று அழுகின முட்டை விவகாரம். ஒரு மழைக்காலத்தில் எங்கள் ரோடு முழுக்க அழுகின முட்டை நாற்றம். பக்கத்து ஷெட்டில் எங்களைச் சந்தேகப்பட்டார்கள். நாங்கள் எதிர்வரிசை ஆம்லெட் கடையைச் சந்தேகப்பட்டோம். ஆம்லெட் கடைக்காரர் மொத்தத் தொழிற்பேட்டையையும் சந்தேகப்பட்டார். நானோ எங்கேயோ விஷவாயு கசிந்துவிட்டது என்று முடிவு கட்டி, டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் ஓடிவிட்டேன். அங்கே போன பிறகுதான் செருப்பைப் போடவில்லை என்று தெரிந்தது.

நைனா நிதானமாக மோந்துகொண்டே போய் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் நின்றார். யாரோ சோம்பேறித்தனமாக உரிக்காத போர்டுத் துண்டுகளை அட்டையோடு அந்தப் பள்ளத்தில் தள்ளியிருந்தார்கள். மழைத்தண்ணீரில் ஊறி, ஊறி, அதிலிருந்துதான் அந்த நாற்றம். மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் நின்று பள்ளத்தைக் காலி பண்ணினோம். அதற்குப் பிறகு அட்டையை உரிக்கிற பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த மேரி அக்கா, உரிக்காத துண்டை யாராவது பள்ளத்தில் போட்டால் உயிரோடு விடமாட்டாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "யோவ் கேட்டு, வாசன வருதா? செருப்ப போட்டுக்கினு ஓடு" என்பாள். கேட்டில் இருந்ததால் எனக்கு அந்தப் பெயர்.

இனிமேல் சொல்லப்போவது அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி.

ஐப்பசி மாதம். மழை பிடித்துக்கொண்டு வியாபாரம் படுத்துவிட்டது. மழையில் யாரும் வயலுக்கு மாவு வாங்குவதில்லை, செங்கல் போடுவதுமில்லை. பாய் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பக்கத்து ரோட்டில் இருந்த ஒரு பெரிய கம்பெனி, லாரி நிற்கிற தன் மைதானம் சேறாகிவிட்டதால் அதை இறுக்கித்தர ஆள் தேடுகிறதாம். பட்டணத்தில் இருந்த அவர்களுடைய பழைய ஆபீஸை இடிக்கிறார்களாம். அந்தச் சீலிங்கையே நாம் மாவாக்கி வறுத்து, கொஞ்சம் சுண்ணாம்பும் அத்திப்பட்டுச் சாம்பலும் சேர்த்து, அவர்கள் சேற்றிலேயே கலந்து கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனி இன்ஜினியர் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். சனிக்கிழமை காலையில் வந்து, பிரித்து வைத்த குவியலில் கையை விட்டுப் பார்ப்பாராம். ஒரே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் துண்டு கைக்குக் கிடைத்தாலும் ஆர்டர் கிடையாது.

"இது வந்துச்சின்னா ஷெட்டு நிக்கும்" என்றார் பாய். குரலை உயர்த்தவே மாட்டார். "வரலன்னா பொங்கலோட மூடிட்டு நான் கருவாட்டுக்கே போறேன். உங்களுக்குச் சொல்லாம மூட எனக்கு மனசு வரல."

எனக்கு நான்காவது கம்பெனி. கடிக்க நகமில்லாததால் அன்றைக்குப் பேனாவைக் கடித்தேன்.

லாரி வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. விடாமல் தூறல். ஷெட்டுக்கு முன்னால் களிமண்ணும் மழைத்தண்ணீரும் சேர்ந்து அல்வா மாதிரி கிடந்தது. ஊராருடைய சேற்றையெல்லாம் தரையாக்குகிற எங்களுக்கு எங்கள் வாசலை இறுக்க நேரமில்லை. நம்பரை எழுதிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனவன் கால் வழுக்கி, லாரியின் பின்சக்கரத்தைப் பார்த்துச் சறுக்க ஆரம்பித்தேன். டிரைவருக்கு நான் தெரியவில்லை. லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

நைனா ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். இடது கையால்.

'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

நான் வெளியே வந்து விழுந்தேன். லாரி நான் இருந்த இடத்தில் போய் நின்றது.

"அடி கிடி பட்டுச்சா நைனா?" என்று என்னைத் தூக்கிவிட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். நகம் அடியோடு முறிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. சேற்றில் குனிந்து தேடி, முறிந்த துண்டை எடுத்து, சட்டையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

ஷெட்டே வந்து சூழ்ந்துகொண்டது. மேரி அக்கா அவர் விரலில் துணியைச் சுற்றிவிட்டு, "சரி, வேற யார் கையில நகம் கீது, காட்டுங்க" என்றாள்.

ஒவ்வொருவராகக் கையை நீட்டினோம். அட்டை உரிக்கிற பெண்களுக்குச் சுரண்டிச் சுரண்டி நகம் சதையோடு தேய்ந்திருந்தது. மெஷின்காரருக்கு நான்கு நகம் இருந்தது, அதுவும் சுத்தியல் பட்டுக் கறுத்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நைனா வலது கையில், சாப்பிடுகிற கை என்பதால், நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். இடது கையின் மற்ற விரல்களிலும் அப்படியே. என் முறை வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னா கேட்டு, காட்டேன்."

காட்டினேன். மேரி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்த நேரம் பார்த்துப் பாய் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அத்தர் மணம். ஜும்மா தொழுகைக்குக் கிளம்பி வழியில் எட்டிப்பார்த்திருக்கிறார். மேரி அக்கா சலாம்கூடச் சொல்லாமல் பாய்ந்தாள்.

"பாய், கைய காட்டுங்க."

"எதுக்கும்மா?"

"காட்டுங்க சொல்றேன்."

பத்து விரலும் பளிச்சென்று பிறை பிறையாக வெட்டப்பட்டிருந்தது.

"வெள்ளிக்கிழமம்மா இன்னிக்கு! காலையிலதான் நகம் வெட்டிக் குளிச்சிட்டு வர்றேன்."

"ஒரே ஒரு வெரல வுட்டு வெச்சிருக்கக் கூடாதா பாய்?" என்றாள் மேரி அக்கா, அழாத குறையாக.

விஷயம் தெரிந்ததும் பாய் தன் சுத்தமான விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சோகமாக யாரும் சுத்தத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

காசை வைத்துக் கீறிப் பார்த்தோம். அது ஜிப்சத்தையும் கீறியது, சிமெண்டையும் கீறியது. ஸ்குரூ டிரைவரும் அப்படியே. இரும்புக்கு எல்லாமே மெத்து. அந்த வித்தியாசத்தைச் சொல்ல நகம்தான் வேண்டும். கெட்டியாகவும் இருக்க வேண்டும், ரொம்பக் கெட்டியாகவும் இருக்கக் கூடாது.

நைனா காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் நகத் துண்டு. நான் எதிரே நின்று, செய்வதறியாமல், பேனாவின் கிளிப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தேன். டிக், டிக், டிக்.

"அந்தப் பேனாவ இப்படிக் குடு நைனா" என்றார்.

கொடுத்தேன். நகத் துண்டைக் கிளிப்புக்கு அடியில் சொருகி, நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்து, மேரி அக்காவின் டிபன் பாக்ஸ் ரப்பர் பேண்டைப் போட்டு இறுக்கினார். ஒரு போர்டுத் துண்டை எடுத்துக் கீறினார். சர்ரு. கோடு விழுந்தது. சிமெண்ட் ஷீட்டில் வைத்தார். வழவழ.

"என் கையில இருந்தாதான் நகமா? இதுவும் நகம்தான்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். ஆனால் நாலைந்து பலகைக்குள், பலகையைப் பிடித்த இடது கையில் வலி தாங்கவில்லை. துணியைத் தாண்டி ரத்தம் வந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீ பாரு."

"நானா? ஐயோ, எனக்குப் பயமா கீது நைனா. ஒண்ணு தப்பிச்சிப் போயிடுச்சின்னா?"

"பயம் இல்லாதவன்கிட்ட குடுத்தா வேகமாப் பாத்துட்டுச் சாப்பிடப் போயிடுவான். நீயே பாரு."

காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்தேன். நைனாவுக்கு ஒரு பலகைக்கு ஒரு நொடி என்றால், எனக்கு ஒரு பலகைக்கு மூன்று தடவை. இந்த ஓரம், அந்த ஓரம், நடுவில் ஒன்று. பிறகு உள்ளே போட்ட பலகையை ஓடிப்போய் எடுத்துவந்து மறுபடியும் ஒருமுறை.

"யோவ் கேட்டு, பலக பாக்கறியா, பொண்ணு பாக்கறியா?" என்று மேரி அக்கா கத்தினாள். நைனா மட்டும் "அவன வுடு" என்றார்.

மத்தியானம் பாய் தொழுகை முடித்துவிட்டு எல்லோருக்கும் பிரியாணி வாங்கிவந்தார். நான் சாப்பிடவில்லை. கை கழுவினால் பேனாவில் ஈரம் பட்டு நகம் மெத்தாகிவிடுமோ என்று பயம். மேரி அக்கா திட்டிக்கொண்டே இரண்டு வாய் ஊட்டிவிட்டாள்.

லாரியின் கடைசிக் குவியலில், நல்ல தடிமனாகப் பட்டி மாவு பூசிப் பெயிண்ட் அடித்த ஒரு துண்டு கிடைத்தது. ஓரம்கூட ஜிப்சம் மாதிரியே வெள்ளையாகப் பூசி மூடியிருந்தது. முதல் கீறலில் கோடு விழுந்தது. இரண்டாவது கீறலிலும் விழுந்தது. நைனாவாக இருந்தால் உள்ளே போட்டிருப்பார், ஏன், யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். மூன்றாவது கீறலில் பட்டி உதிர்ந்து, நகம் வழுக்கியது.

"நைனா! கோடு வுழல!"

அவர் எழுந்து வந்தார். "நல்லாப் பாத்தியா?"

"அஞ்சு தபா பாத்தேன்."

பேனாவை வாங்கி அவரும் ஒருமுறை கீறினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல்முதலாகச் சிரித்தார். அதே மாதிரி பூசின துண்டு இன்னும் இரண்டு அதற்கடியிலேயே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டோம். முதலிலிருந்து மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று நான் கேட்டதும், நைனா பேனாவைப் பிடுங்கித் தன் பட்டாபட்டி டிராயர் பையில் வைத்துக்கொண்டார். அங்கே கைவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை இன்ஜினியர் வந்தார். குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். தோள் வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து ஒரு துண்டை உருவினார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, தன் வலது சுண்டுவிரலால் ஓரத்தில் ஒரு கீறு கீறினார். அந்தச் சுண்டுவிரலில் இருந்தது ஒரு நகம். நீளமாக, வளைந்து, பளபளவென்று.

நைனா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கூட்டத்தில் தொலைந்த சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. இன்ஜினியர் ஐந்து துண்டு, பத்து துண்டு, பதினைந்து துண்டு கீறினார். எல்லாவற்றிலும் கோடு. பாய் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். கடைசியில் இன்ஜினியர் கையைத் தட்டிவிட்டு, "ஓகே. கிளியரா இருக்கு. யாருப்பா பிரிச்சது?" என்றார்.

அதற்குப் பதில் சொல்லாமல் நைனா முன்னால் போய்ப் பணிவாகக் கேட்டார்:

"சார், அதுக்கு இன்னா எண்ணெ தடவறீங்க?"

இன்ஜினியர் சட்டென்று கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அவருக்குக் காது குடைய வைத்திருந்த நகமாம், பாய் பிறகு சொன்னார். நைனாவுக்கு அதைக் கேட்டு ரொம்ப வருத்தம். "அந்த மாதிரி சரக்க எதுக்குப் போயி யூஸ் பண்றாங்க பாரு" என்று ஒரு வாரம் புலம்பினார்.

அடுத்த வாரம் மாவை நொறுக்கி, வறுத்து, அந்த மைதானத்துச் சேற்றில் கலந்து, உருளை ஓட்டிச் சமப்படுத்தினோம். அன்று சாயங்காலமும் மழை. மறுநாள் முதல் லாரி அதன்மேல் ஏறியபோது கம்பெனியே வாசலில் வந்து நின்று பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் வராததால் திறந்தேன். லாரி நின்றுகொண்டிருந்தது. சக்கரம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. எங்கேயோ பட்டணத்தில் யார் தலைக்கு மேலேயோ இருந்த சீலிங், இப்போது லாரிச் சக்கரத்துக்குக் கீழே அமைதியாகப் படுத்திருந்தது.

நைனா எங்களோடு ஓரமாக, கட்டுப் போட்ட கட்டைவிரலைப் பழக்கதோஷத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டு, சூப்பர் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, தானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவரைப் பார்த்து மேனேஜர் காட்டினார். மேனேஜரைப் பார்த்து செக்யூரிட்டிகள் காட்டினார்கள். லாரி டிரைவர் மட்டும் கண்ணாடியை இறக்கி, "எங்கண்ணே போவணும்?" என்றார்.

ஷெட் நின்றது. ஆனால் நகம்? அது முளைத்து வர ஐந்தாறு மாதம் ஆகுமாம். பேனாவில் இருந்த துண்டும் உலர்ந்து பிளந்துவிட்டது. அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் நான் கேட்டில் உட்கார்ந்திருந்தபோது மேரி அக்கா ஒரு சின்ன பாட்டிலோடு வந்தாள். வேப்பெண்ணெய். பின்னாலேயே நைனா.

"கைய நீட்டு. எடது கட்டவெரலு."

"எதுக்கு நைனா?"

"எனக்கு வளர்ற வரைக்கும் உனக்கு வளரணும். மத்ததக் கடி, இஷ்டத்துக்குக் கடி. இத மட்டும் வாயில வெக்காத."

தினமும் காலையில் ஹாஜர் எடுக்கிற மாதிரி என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்ப்பார். அதுவரை வந்த பலகைகளைப் பிரிக்காமல் ஓரமாக அடுக்கிவைத்தோம். ஒரு மாதத்தில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது. அன்றைக்கு ஷெட்டில் எல்லோருக்கும் நைனா செலவில் பஜ்ஜி. இரண்டாவது மாதத்திலிருந்து நான் கேட்டையும் பார்த்துக்கொண்டு பலகையையும் பார்த்தேன். அவருக்கு நகம் முளைத்தபோது கொஞ்சம் கோணலாக வந்தது. அதனால் ஒரு லாரி அவருக்கு, ஒரு லாரி எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். என் லாரி முடிய எப்போதும் இருட்டிவிடும். அவர் வீட்டுக்குப் போகாமல் பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்திருப்பார்.

சில வருஷம் கழித்து நைனா மனைவியின் ஊர்ப்பக்கம், சூளூர்பேட்டைக்குக் குடிபோய்விட்டார். கிளம்புகிற அன்று கையசைக்கக்கூட இல்லை. கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ரோட்டோரமாக நடந்தார். ஒரு லாரி நின்றது, ஏறிக்கொண்டார்.

எனக்கு இன்றைக்கும் கவலைகளுக்குக் குறைவில்லை. உட்கார்ந்தால் கவலை, எழுந்தால் கவலை. ஆனால் ஒன்பது நகங்களைத்தான் கடிக்கிறேன்.